மஞ்சள் காருக்கு ஒரு சீப்பு

பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். உன் இருமல் நின்றதா? பட்டறையில் பெயிண்ட் அடிக்கும்போது மூக்கை மூடிக்கொள் என்று நான் சொன்னால் கேட்க மாட்டாய். இருமல் சொன்னால் கேட்பாய்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. மேலும் நம் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது, உன் அம்மாவின் காதும் அங்கேதான் இருக்கிறது.

விஷயம் இதுதான். நான் வாங்கிய கார் வந்து நாற்பது நாள் ஆகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றாலும் எஞ்சின் புலி. இரண்டு பேருக்கு மட்டும் இடம். தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. நிறம் எலுமிச்சை மஞ்சள். தெருவில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். முப்பத்திரண்டு வருடம் உன் அம்மா ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வழியில் அவள் சொன்னது ஒன்றும் எனக்குக் காதில் விழுந்ததில்லை, நான் சொன்னது அவளுக்கு விழுந்ததில்லை. ஓய்வு பெற்றதும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்காகத்தான் இந்தக் கார். உன்னிடம் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை. இந்த வயதில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

கார் வந்த அன்று ஒரே ஒரு தடவை ஏறினாள், தெருமுனை வரைக்கும். திரும்பி வந்து நான் கேட்டைத் திறக்கப் போன நேரத்தில் இறங்கி உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து ஏற மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால், "பின்கண்ணாடி வழியா வெயில் பிடரியில அடிக்குதுங்க, தலைவலி வருது" என்கிறாள். அதுவும் நியாயம்தான். இந்தக் காரின் பின்கண்ணாடி சறுக்குமரம் மாதிரி சாய்ந்து கிடக்கிறது. வெயில் தடையில்லாமல் இறங்குகிறது.

இதற்கு மருந்து லூவர். ஒரு பத்திரிகையில் படம் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலே வரிசையாகச் சாய்ந்து நிற்கும் பட்டைகள். கார் கம்பெனி இதைத் தருவதில்லை, வெளியில் செய்து மாட்டிக்கொள்ள வேண்டும். ஊரார் வண்டிக்கெல்லாம் பாகம் செய்து கொடுக்கும் மகளை வைத்துக்கொண்டு நான் ஏன் வெளியில் கேட்க வேண்டும்? மேல் அகலம் 43 அங்குலம், கீழ் அகலம் 51, நீளம் 34. நானே எடுத்த அளவு.

தெருமுனை டயர் கடைக்காரர் வாரம் தவறாமல் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். "எப்ப சார் கொடுக்கிறீங்க?" என்று வேறு கேட்கிறார். ஜூன் முடிவதற்குள் உன் அம்மா ஏறவில்லை என்றால் அவருக்கே விற்றுவிடுவேன். காலி இருக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்ட எனக்கு மனமில்லை. இதையும் அவளிடம் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


பிப்ரவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது, உங்கள் கடிதத்தைப் படித்ததும் திரும்பி வந்தது. அம்மாவின் தலைவலி எப்படி இருக்கிறது?

அப்பா, இரண்டு முழம் கறுப்புத் துணியும் நாலு ஊக்கும் இருந்தால் வெயில் நிற்கும். இதைச் சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். யானையை வாங்கியவரிடம் போய் அங்குசத்துக்குப் பதில் குச்சி போதும் என்று சொன்னால் எடுபடுமா?

சரி, செய்து தருகிறேன். மெல்லிய அலுமினியத் தகட்டில் ஆறு பட்டைகள். இரண்டு பக்கமும் சட்டம், சட்டத்தில் ரிவெட் அடித்துப் பட்டைகளைக் கோக்க வேண்டும். கண்ணாடியைத் துடைப்பதற்கு மொத்தத்தையும் தூக்கி நிறுத்த மேலே இரண்டு கீல். பட்டைகளின் சாய்வு உங்கள் கண்ணைப் பொறுத்தது. சாய்வு சரியாக இருந்தால் இடுக்கு வழியாகப் பின்னால் வரும் லாரி தெரியும். இல்லையென்றால் லாரி வந்து சொன்னால்தான் தெரியும். ஆகவே நீங்கள் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியின் உயரத்தை அளந்து அனுப்புங்கள்.

இன்னொன்று. எங்கள் பட்டறைப் பெயிண்டர் அண்ணன் ஒன்றைச் செய்யும்போதே பத்து தடவை முணுமுணுப்பவர். இரண்டாவது தடவை செய்ய வைத்தால் என்னைக் கொன்றுவிடுவார். அளவுகளை இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள். எடை அளவு ஆய்வாளராக இருந்து, ஊர்க் கடைக்காரர்களின் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை போட்டவரிடமே இதைச் சொல்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 21

மகளுக்கு,

இங்கே உடம்புக்குக் குறைவில்லை, மனதுக்குத்தான்.

பார்சல் வந்தது. மரப்பெட்டியை உடைத்து, உன் லூவரை நானும் டயர் கடைக்காரரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடி மேல் வைத்தோம். பொருந்தவில்லை. இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் ரப்பரைத் தாண்டி மஞ்சள் பெயிண்ட் மேல் உட்காருகிறது. நீளமும் அதிகம். கீழே டிக்கி மூடியில் இடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறது. டயர் கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொண்ணு சின்ன வயசுல கணக்குல எப்படி சார்?" என்று கேட்டார்.

நான் இரண்டாவது முறை சரிபார்க்கவில்லை என்று எழுதிவிடாதே. ஒரு தடவை எடுத்தது அளவே இல்லை என்பது என் கொள்கை. மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் ஒரே அளவு வந்தது. ஆபீஸ் எஃகு டேப்பை ஓய்வு பெற்ற அன்றே ஒப்படைத்துவிட்டேன் என்பதால் உன் அம்மாவின் தையல் டேப்பில் எடுத்தேன். அவளே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆகவே தப்பு உன் பட்டறையில்தான். யார் வெட்டினார்கள் என்று விசாரித்து எழுது.

திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜூன் வந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்காதே.

அப்பா


மார்ச் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

விசாரித்தேன். வெட்டியவரைக் கண்டுபிடித்துவிட்டேன், நான்தான். தகட்டை அல்ல, டேப்பை. ஐந்தாம் வகுப்பில் பொம்மைக்கு பெல்ட் வேண்டும் என்று அம்மாவின் தையல் டேப்பிலிருந்து முதல் அங்குலத்தைக் கத்தரித்தேன். முதுகில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. அந்த டேப் ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. நீங்கள் 43 என்று படித்தது 42. மூன்று தடவை இல்லை, முந்நூறு தடவை அளந்தாலும் அது 43 என்றுதான் சொல்லும்.

ஒரு கிராம் குறைந்த படிக்கல்லைக் கையில் தூக்கியே கண்டுபிடித்தவர் என்று உங்கள் ஆபீஸில் பேச்சு. விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்பது சரியாகத்தான் இருக்கிறது.

எனக்குப் புரியாதது வேறொன்று. அந்த டேப்பால் அம்மா எதை அளந்தாலும் பத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள். இத்தனை வருடம் ஒரு ரவிக்கை கூடத் தப்பியதில்லை. அப்படிப்பட்டவள் உங்களிடம் டேப்பைக் கொடுத்துவிட்டு ஏன் பேசாமல் இருந்தாள்? நீங்களே கேளுங்கள்.

இனி எண்களே வேண்டாம். பழுப்புத் தாளைக் கண்ணாடி மேல் விரித்து, நான்கு ஓரமும் ஒட்டி, ரப்பரின் உள்விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு, சுருட்டி அனுப்புங்கள். அளவு எடுக்கும் வேலையை மட்டும் தயவு செய்து செய்யாதீர்கள். பெயிண்டர் அண்ணன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

உங்கள் மகள்


ஏப்ரல் 8

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? எதிர்வீட்டு டெய்லர் அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு ஏதாவது எழுதினால் இந்த விலாசத்துக்குப் போடு. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

டேப் எங்கே என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். சரியான டேப்பா என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். அந்தச் சீப்பை மெதுவாகச் செய். பேர் என்னவோ சொன்னார், எனக்கு அது சீப்பு மாதிரிதான் தெரிகிறது. தகடு கிடைக்கவில்லை, பெயிண்டர் லீவு, மழை, எதையாவது சொல்லி ஆறு மாதம் தள்ளிப்போடு. ஏன் என்று கேட்காதே. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கார் மேலும் கோபமில்லை. காலையில் பனியன் போட்டுக்கொண்டு அதைத் துடைக்கும்போது அவர் முகத்தை நீ பார்க்க வேண்டும், பத்து வயது குறைந்துவிடுகிறது. அந்த டயர் கடைக்காரர் கண்ணு பட்டுக் காருக்கு எதுவும் ஆகக் கூடாது என்பதுதான் என் கவலை.

சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே. வெந்நீர் குடி.

அம்மா


மே 25

அன்புள்ள அப்பாவுக்கு,

இருவரும் நலம்தானே? உங்கள் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இந்த ஒரே பதில். நான் உயிரோடுதான் இருக்கிறேன். சோம்பேறியும் ஆகவில்லை.

பழுப்புத் தாள் சரியாக வந்தது. தாமதத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. தகடு வளைக்கும் மெஷின் ஒரு வாரம் நின்றுபோனது. பிறகு பெயிண்ட். அலுமினியத்தின் மேல் நேராக அடித்தால் பெயிண்ட் ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, முதல் பூச்சு பூசிக் காயவைத்து, அப்புறம்தான் நிறம். பெயிண்டர் அண்ணன் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் இரண்டாவது பூச்சு அன்று மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் நாலு பட்டையில் கொப்புளம். எல்லாவற்றையும் சுரண்டி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தக் கொப்புளம் சத்தியமாக நிஜம் அப்பா. கேட்டால் சாக்கு மாதிரிதான் இருக்கும், ஆனால் சாக்கு இல்லை.

நிறம் பற்றி மூன்று கடிதத்திலும் சண்டை போட்டிருக்கிறீர்கள். மஞ்சள் முடியாது. மஞ்சள் பட்டையில் வெயில் பட்டால் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் மின்னிக் கண்ணைப் பறிக்கும். பளபளக் கறுப்பும் அப்படித்தான். மங்கல் கறுப்புதான் அடித்திருக்கிறேன். "தோசைக்கல்லு மாதிரி இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். தோசைக்கல்லால் யாருக்கும் கண் கூசுவதில்லை.

மாட்டும் முறையைக் கவனமாகப் படியுங்கள். கண்ணாடியில் துளை போடக் கூடாது. விளிம்பை ஸ்பிரிட்டால் துடையுங்கள். கீலின் அடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் இருக்கிறது, தாளை உரித்து ஒரே தடவையில் சரியாக வைக்க வேண்டும். வைத்துவிட்டு நகர்த்தினால் எல்லாம் போச்சு. கீழே இரண்டு கொக்கிகள், கையால் அழுத்தினால் "டக்" என்று விழும். ஒரு நாள் முழுக்கக் காரை எடுக்கக் கூடாது.

ஜூன் முடிவதற்குள் வந்து சேர வேண்டும் என்றுதான் அனுப்புகிறேன். என் நிலைமை உங்களுக்குத் தெரியாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

உங்கள் மகள்


ஜூன் 14

என் அருமை மகளுக்கு,

எல்லோரும் நலம், பரம நலம்.

மாட்டியாகிவிட்டது! முதலில் விளிம்பில் காகித டேப் ஒட்டி அடையாளம் செய்துகொண்டேன். ஒரு முனையை உன் அம்மா பிடித்தாள், மறுமுனை நான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினோம். நூல் பிசகாமல் உட்கார்ந்தது. கொக்கி "டக்" என்று விழுந்த சத்தம் இருக்கிறதே, என் வேலையில் முத்திரை விழும் சத்தத்துக்குப் பிறகு இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. தோசைக்கல் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கார் இப்போது கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது.

ஒரு நாள் காத்திருந்துவிட்டு, நேற்று சாயங்காலம் உன் அம்மாவிடம், "இப்ப என்ன சொல்றே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "போவோம்" என்றாள். ஏறினாள்! பாலத்தைத் தாண்டி ஏரிக்கரைச் சாலை வரை போய் வந்தோம். வேகம் கூடினால் பட்டைகளில் காற்றுப் பட்டு மெல்லிய விசில் வருகிறது. "என்னங்க, இந்த வயசுல விசிலா?" என்றாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், எல்லாம் என் காதில் விழுந்தது. பாதி என்னைத் திட்டியதுதான். அதனால் என்ன?

இன்னும் கேள். ஐந்தரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். நான் கேட்டைத் திறந்து, காரை உள்ளே விட்டு, இறங்கு என்றேன். இறங்க மாட்டேன் என்கிறாள்! "நிழல் நல்லா இருக்கு, நான் கொஞ்சம் உட்கார்ந்திருக்கேன். நீங்க போய் குளிங்க" என்றாள். ஏழரை மணி வரை உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரம்! நான் குளித்து, செய்தி பார்த்து, இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன், அசையவில்லை. உன் லூவருக்கு இதைவிட வேறு சான்றிதழ் வேண்டுமா?

பெயிண்டருக்கு என் வணக்கம்.

அப்பா


ஜூன் 20
டெய்லர் அக்கா வீட்டு விலாசத்துக்கு

அம்மா,

ஏழரை மணிக்கு எந்த வெயிலுக்கு நிழல்?

முட்டியா, இடுப்பா? எத்தனை நாளாக? உண்மையை எழுது. இல்லையென்றால் கிளம்பி வந்து உன்னை நாற்காலியில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொல்வேன்.

உன் மகள்


ஜூன் 28

கண்ணு,

கோபித்துக்கொள்ளாதே. சாப்பிட்டுவிட்டுத்தானே இதைப் படிக்கிறாய்?

வலது முட்டி. போன வருடம் ஆரம்பித்தது. நடக்கிறேன், மாடி ஏறுகிறேன், உட்காரவும் முடிகிறது. தாழ்வான இடத்திலிருந்து எழுந்திருப்பதுதான் முடியவில்லை. கார் வந்த அன்று அவர் கேட்டைத் திறக்கப் போனாரே, அப்போது கதவைப் பிடித்து, சன்னலைப் பிடித்து, எப்படியோ எழுந்துவிட்டேன். உயிர் போய் உயிர் வந்தது. அதற்கப்புறம் ஏறுவதற்குப் பயம். வாய்க்கு வந்த காரணம் வெயில். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லி ஆறு பட்டை அடிக்க வைப்பார் என்று யாருக்குத் தெரியும்?

சீப்பு வருவதற்குள் முட்டியைச் சரி செய்துவிடலாம் என்றுதான் மெதுவாகச் செய்யச் சொன்னேன். டாக்டர் சொன்னபடி டெய்லர் அக்கா வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து தினமும் நாற்பது தடவை காலை நீட்டி மடக்குகிறேன். நீ மேயிலேயே அனுப்பிவிட்டாய்.

அன்று இரண்டு மணி நேரம் நான் நிழலில் உட்காரவில்லை, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை முயன்றேன். கடைசியில் டெய்லர் அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். கண்ணால் கூப்பிட்டேன். இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டிக்கொண்டு போனார். மறுபடியும் அதே நாடகம்.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் அன்று சாயங்காலமே சாவி டயர் கடைக்காரர் கையில் இருக்கும். வாழ்நாள் முழுக்க "உனக்கு என்ன வேணும், பாப்பாவுக்கு என்ன வேணும்" என்று கேட்டுக் கேட்டு வாங்கிய மனிதர். முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று வாங்கியிருக்கிறார். அதை என் முட்டி விற்க வேண்டுமா? இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் சிரிப்பாய். அப்படி ஒரு காரிலிருந்து நான் ஒரு கிழவியாக இறங்குவதை அவர் பார்க்கக் கூடாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சத்தியமாக அவரிடம் சொல்லாதே.

அம்மா


ஜூலை 3

மகளுக்கு,

நலம். இதைத் தபால் ஆபீஸ் மேஜையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். நூலில் கட்டிய பேனா, ஒரு வரி எழுதினால் அரை வரி விழுகிறது. வீட்டில் எழுத முடியாது. உன் அம்மாவுக்குத் தெரியக் கூடாத விஷயம்.

போன கடிதத்தில் நிழல், சான்றிதழ் என்று ஏதேதோ எழுதியிருந்தேன். அதைத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் ஒன்று உறைத்தது. சூரியன் இறங்கிய பிறகு எதற்கு நிழல்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய் வந்தேன். "நீங்க போய் குளிங்க" என்றாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு மாடி சன்னலிலிருந்து பார்த்தேன். அவள் எழுந்திருக்கப் பார்த்ததையும் பார்த்தேன், எதிர்வீட்டு டெய்லர் அம்மா வந்து தூக்கியதையும் பார்த்தேன். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு மடையன். ஒரு நூல் சாய்ந்த தராசுக்காகக் கடைக்காரர்களை வெயிலில் நிறுத்தி வைத்தவன். என் வீட்டில் ஒருத்தி ஒரு காலில் பாரத்தைப் போட்டு நடப்பது ஒரு வருடமாக என் கண்ணில் படவில்லை.

ஒரு வாரம் கவனித்தேன், வீட்டிலுள்ள எல்லா ஆசனங்களையும் அளந்தேன். சமையலறை ஸ்டூல் பதினெட்டு அங்குலம், கை ஊன்றாமல் எழுகிறாள். கூடத்து மர நாற்காலி பதினேழு, ஒரு கை ஊன்றுகிறாள். கட்டில் பதினாறு, இரண்டு கை. என் சாய்வு நாற்காலி பதினாலு, அதன் பக்கமே போவதில்லை. கார் இருக்கை பத்தரை. பத்தரையில் உட்கார்ந்து ஏரிக்கரை வரை என்னைத் திட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பதினெட்டு ஆக இன்னும் வேண்டியது ஏழரை அங்குலம். இருக்கையை மூன்று அங்குலம் உயர்த்தலாம், அதற்கு மேல் போனால் கொண்டை கூரையில் இடிக்கும். அதற்கு ஒரு தட்டு செய். கதவுத் தூணில் பிடித்து எழ ஒரு கைப்பிடி வேண்டும். மீதி நாலரை அங்குலத்தை நான் பூமியில் எடுத்துக்கொண்டேன். வாசலில் அவள் கால் வைக்கும் இடத்தில் சிமெண்டை உடைத்து நாலரை அங்குலம் பள்ளம் செய்து பூசியிருக்கிறேன். நிற்கும் இடம் தாழ்ந்தால் உட்காரும் இடம் உயர்ந்த மாதிரிதானே? மழைத் தண்ணீர் வடிய என்று சொல்லியிருக்கிறேன். இருக்கை ஸ்பிரிங் போய்விட்டது என்றும் சொல்லியிருக்கிறேன். டயர் கடைக்காரர் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "காரைப் புதைக்கப் போறீங்களா சார்?" என்றார். இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டேன்.

அளவுகள் எல்லாம் புது எஃகு டேப்பில் எடுத்தவை, மூன்று தடவை. அவளுக்கு நான் பார்த்தது தெரியக் கூடாது. தெரிந்தால் கூசிப் போவாள், அப்புறம் ஏறவே மாட்டாள்.

அப்பா


ஜூலை 30

அப்பா, அம்மா இருவருக்கும்,

இருவரும் நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள். இதைக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவும். மர நாற்காலியில் அம்மா, பதினேழு அங்குலம்.

ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு எதிர்வீட்டிலிருந்து எழுதுகிறார், ஒருவர் தபால் ஆபீஸில் நின்றுகொண்டு எழுதுகிறார். இரண்டு பேரும் சத்தியம் வாங்குகிறீர்கள். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, ஒரு முட்டியைப் பற்றிப் பேச நானூறு மைல் தள்ளி இருக்கும் நான் வேண்டுமா? ஆறு மாதமாக என் தலைமுடி பெயிண்டர் அண்ணனின் தலைமுடியை விட வேகமாகக் கொட்டுகிறது. நான் வண்டிப் பாகம் செய்கிறவள், உங்கள் இருவருக்கும் நடுவில் வைக்கும் பாகம் இல்லை.

பார்சலில் இருக்கைத் தட்டு இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது. இரண்டும் மங்கல் கறுப்பு, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அம்மாவுக்குப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும் ஒரு புதுத் தையல் டேப்.

அடியில் மூன்று கடிதங்கள். அம்மாவின் ஜூன் 28 கடிதம் அப்பாவுக்கு. அப்பாவின் ஜூலை 3 கடிதம் அம்மாவுக்கு. பிப்ரவரி 2 கடிதத்தையும் வைத்திருக்கிறேன் அம்மா, இந்தக் கார் யாருக்காக வாங்கியது என்று அதில் இருக்கிறது. சத்தியத்தை மீறிவிட்டேன். மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த
மகள்


ஆகஸ்ட் 19

கண்ணு,

இதைக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறார்.

கடிதங்களைப் படித்தோம். அவர் என்னுடையதை இரண்டு தடவை படித்தார். நான் பிப்ரவரி கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில், "வெயில்னு சொல்லி என் பொண்ணை ஆறு பட்டை அடிக்க வெச்சியே" என்று ஆரம்பித்தார். "குழாயைத் திறந்துவிட்டு ஒரு தொட்டித் தண்ணியை வீணாக்கினீங்களே" என்றேன். அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. முட்டியைப் பார்க்க வியாழக்கிழமை பெரிய டாக்டரிடம் போகிறோம். சீப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிழல் நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

நேற்று தட்டை மாட்டி, கைப்பிடியை முடுக்கினார். ஏரிக்கரை வரை போய் வந்தோம். வாசலில் காரை நிறுத்திவிட்டு, கேட்டை அப்படியே திறந்து போட்டுவிட்டு என் பக்கம் வந்து நின்றார். கை கொடுக்கவில்லை, சும்மா நின்றார். நான் பள்ளத்தில் காலை வைத்தேன், கைப்பிடியைப் பிடித்தேன், எழுந்து நின்றேன். டெய்லர் அக்கா அவள் வாசலிலிருந்து கை தட்டினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அப்பாவுக்கு வந்ததா என்று கேட்டால், அவர் குனிந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து, "ஒரு தடவை எடுத்தது அளவே இல்லை. மறுபடி ஏறு" என்றார். "போங்க, என்னால முடியாது" என்றேன்.

மூன்று தடவை இறங்கினேன்.

அம்மா